ஈசிஎம் மாற்றுவதா, வயரிங்கைப் பார்ப்பதா? பழைய காருக்கு எது சரி

"ஈசிஎம் போயிடுச்சு சார், மாத்திடலாம்." எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசிஎம் பற்றி, பதினைந்து, இருபது வருடப் பழைய எம்பிஎஃப்ஐ (இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோல் தெளிக்கும்) கார் வைத்திருப்பவர்கள் இதை ஒருமுறையாவது கேட்டிருப்பார்கள். எங்கள் 2004 மாடல் மாருதி ஜென்னுக்கும் போன வருடம் இதையேதான் சொன்னார்கள். முதலில் ஸ்பீட் பிரேக்கரில் ஏறி இறங்கும்போது மட்டும் எஞ்சின் ஆஃப் ஆனது. பத்து நிமிடம் நிறுத்தி வைத்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகும். இரண்டு மாதம் இப்படியே ஓடியது. அப்புறம் ஒருநாள் காலையில் சாவியைத் திருப்பினால் செக் லைட் எரியவில்லை, பெட்ரோல் பம்ப் சத்தமும் இல்லை. செல்ஃப் மட்டும் நன்றாகச் சுற்றியது. ஒர்க்‌ஷாப்பில் கோளாறைப் படிக்கும் ஸ்கேனரைப் போட்டார்கள், அது வண்டியோடு பேசவே இல்லை. கம்ப்யூட்டர் செத்துவிட்டது என்று முடிவு கட்டி, பழைய ஈசிஎம் ஒன்றுக்குக் கூலியோடு 9,000 ரூபாய் கேட்டார்கள்.

அந்த 9,000 ரூபாயைக் கொடுத்திருந்தால் வண்டி ஓடியிருக்காது. அது எப்படித் தெரிந்தது என்பதைச் சொல்லிவிட்டு, ஈசிஎம் உண்மையாகவே போயிருந்தால் என்னென்ன வழிகள், எது யாருக்குச் சரிப்படும் என்று ஒப்பிடுகிறேன். ஈசிஎம்முக்குள் இருக்கும் போர்டைப் பழுதுபார்ப்பது, காயலான் கடையில் வாங்குவது, புதிதாக வாங்குவது, வயரிங்கை முழுசாக மாற்றுவது எல்லாம் அதற்கு அடுத்த கேள்விகள். முதல் கேள்வி, குற்றவாளி கம்ப்யூட்டரா வயரா என்பதுதான்.

எங்கள் பகுதி எலக்ட்ரீஷியன் அண்ணன் ஈசிஎம் பக்கமே போகவில்லை. காற்றை விடும் திராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்லும் டிபிஎஸ் சென்சாரின் கப்ளரை (வயரை இணைக்கும் பிளக்) கழற்றினார். மல்டிமீட்டரின் கறுப்பு முனையை பேட்டரி நெகட்டிவில் வைத்து, சிவப்பு முனையை ஒவ்வொரு பின்னிலும் தொட்டார். அந்த மூன்றில் ஒன்றில் 5 வோல்ட் வர வேண்டும். மீட்டரில் 0.03 காட்டியது. "பார்த்தீங்களா தம்பி, அஞ்சு வோல்ட் எங்கேயோ எர்த் ஆகுது" என்றார். அடுத்து, எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரின் கப்ளரையும் கழற்றினார். அப்போதும் பூஜ்ஜியம். சென்சார் இரண்டும் கழன்ற பிறகும் 5 வோல்ட் திரும்பவில்லை என்றால், ஒன்று போர்டில் கோளாறு, இல்லையென்றால் நடுவில் வயர் எங்கேயோ வண்டியின் உடம்பைத் தொடுகிறது. என்னை மீட்டரைப் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லிவிட்டு, வயரிங்கை ஒவ்வொரு சாணாகப் பிடித்து அசைத்துக்கொண்டே போனார். பேட்டரித் தட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் எண் 4.98க்குத் தாவியது. உள்ளே டேஷ்போர்டில் செக் லைட் பளிச்சென்று எரிந்தது.

முந்தைய உரிமையாளர் போட்டிருந்த கேஸ் கிட்டைக் கழற்றியபோது அதன் பிராக்கெட் ஒன்றை விட்டுவிட்டிருக்கிறார்கள். அதன் விளிம்பில் வருடக்கணக்காக உரசி உரசி, டேப்பையும் தாண்டி ஒரு வயரின் தோல் தேய்ந்து, உள்ளே செம்பு அரிசி அளவுக்குத் தெரிந்தது. பிராக்கெட்டைக் கழற்றி, வயரைச் சரிசெய்து, ஸ்லீவ் போட்டுக் கட்டினார். 600 ரூபாய் வாங்கினார்.

அந்த ஒற்றை வயர் எப்படிக் கம்ப்யூட்டரையே செத்ததுபோல் காட்டியது என்பது முக்கியம். ஈசிஎம் பேட்டரியின் 12 வோல்ட்டை வாங்கி, அதிலிருந்து சீரான 5 வோல்ட்டை உண்டாக்கி சென்சார்களுக்கு அனுப்புகிறது. பழைய போர்டுகள் பலவற்றில் சென்சாருக்குப் போகும் 5 வோல்ட்டும் உள்ளே இருக்கும் புராசசருக்குப் போகும் 5 வோல்ட்டும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. வெளியே வயர் எர்த் ஆனால் உள்ளே மூளைக்கும் சோறு நின்றுவிடும். செக் லைட் எரியாது, பம்ப் ஓடாது, ஸ்கேனர் பேசாது. புது ஈசிஎம் மாட்டியிருந்தாலும் அதுவும் அந்த வயரில்தான் போய் மாட்டிக்கொண்டு முழித்திருக்கும்.

அதனால் என் கருத்து இதுதான். பழைய காரில் ஈசிஎம் போயிருக்கவும் வாய்ப்பு உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் அது ஒரு பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது. வயரிங் அப்படியில்லை. எஞ்சின் சூடு, அதிர்வு, மழைத் தண்ணீர், எலி, முன்பு கைவைத்தவர்கள் போட்ட முறுக்கு இணைப்பு என்று எல்லாவற்றையும் அதுதான் வாங்கிக்கொள்கிறது. வயரிங் சரி என்று நிரூபணம் ஆகும்வரை ஈசிஎம்முக்காக ஒரு ரூபாய்கூடச் செலவழிக்கக் கூடாது.

நிரூபிக்க என்ன வேண்டும்? ஒரு மல்டிமீட்டர், அரை மணி நேரம். பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும், எஞ்சின் ஓடும்போது சுமார் 13.8 முதல் 14.4 வரை. செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே விழுந்தால் முதலில் பேட்டரியைப் பாருங்கள். பலவீனமான பேட்டரியில் ஈசிஎம் செல்ஃப் சுற்றும் அந்த நொடியில் அணைந்து மறுபடி எழும். வெளியே பார்ப்பவருக்கு அது கம்ப்யூட்டர் கோளாறாகவே தெரியும்.

அடுத்தது எர்த், அதாவது பேட்டரி நெகட்டிவை எஞ்சினோடும் வண்டியின் உடம்போடும் இணைக்கும் வழி. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் ஒர்க்‌ஷாப்களில் இதைத்தான் தாண்டிப் போகிறார்கள். எர்த் வயர் இருக்கிறதா என்று கண்ணால் பார்ப்பது போதாது. மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ் போஸ்டிலும் மறு முனையை எஞ்சின் பிளாக்கிலும் வைத்து, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2, 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வழியில் எங்கேயோ தடை. ஈசிஎம்மின் எர்த் பின்னில், எஞ்சின் ஓடும்போது, 0.1 வோல்ட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். பழைய வண்டியில் எர்த் போல்ட்டைக் கழற்றினால் அடியில் களிம்பு பச்சையாகப் பூத்திருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மறுபடி முறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவினால் சில வண்டிகள் அதிலேயே திருந்திவிடுகின்றன.

ஈசிஎம்முக்குக் கரண்ட் கொடுக்கும் மெயின் ரிலேயையும் விடக் கூடாது. 1990களின் கார்கள் சிலவற்றில் இந்த ரிலேக்குள் இருக்கும் சால்டர் வெடித்துப்போகும். வெயிலில் நிறுத்திய வண்டி ஸ்டார்ட் ஆகாது, சாயங்காலம் ஆகும். அதேபோல், எஞ்சின் சுற்றுவதைக் கவனிக்கும் கிராங்க் சென்சாரும் சூட்டில் செத்து, ஆறினால் உயிர்பெறும். "சூடானா நிக்குது, ஆறினா ஓடுது" என்ற புகாருக்கு ஈசிஎம் மூன்றாவது, நான்காவது சந்தேகமாக இருக்க வேண்டும், முதலாவதாக அல்ல.

ஸ்கேனர் பற்றி ஒரு வார்த்தை. வண்டியே தன் கோளாறைப் பதிந்து சொல்லும் பொதுவான முறையான ஓபிடி-2, நம் நாட்டில் முழுதாகக் கட்டாயமானது 2013 ஏப்ரலில்தான். அதற்கு முந்தைய வண்டிகளில் ஆன்லைனில் விற்கும் மலிவான புளூடூத் கருவிகள் பல நேரம் பேசாது. அது பேசாததை வைத்து ஈசிஎம் போய்விட்டது என்று முடிவெடுக்காதீர்கள். சுசூகி வழி வந்த பழைய வண்டிகள் பலவற்றில் டயக்னாஸ்டிக் கப்ளரில் குறிப்பிட்ட இரண்டு பின்களை இணைத்தால் செக் லைட்டே கண் சிமிட்டி எண் சொல்லும். ஒருமுறை சிமிட்டி, சற்று நிறுத்தி, இரண்டுமுறை சிமிட்டினால் 12, அதாவது கோளாறு எதுவும் பதிவாகவில்லை. எந்தப் பின்கள் என்பது மாடலுக்கு மாடல் மாறும், சர்வீஸ் மேனுவலைப் பார்க்காமல் இணைக்க வேண்டாம். இன்னொன்று, மஞ்சள் பல்பு போட்ட பழைய டெஸ்ட் லேம்பை ஈசிஎம் வயர்களில் வைக்க விடாதீர்கள். அது இழுக்கும் கரண்ட்டை போர்டில் இருக்கும் சிறிய டிரான்சிஸ்டர்கள் தாங்காமல் போகலாம்.

சரி, கரண்ட் வருகிறது, எர்த் சுத்தம், சென்சார் எல்லாம் கழற்றியும், ஈசிஎம்மிலிருந்து வெளியே போகும் வயரைத் தனியாகப் பிரித்தும், 5 வோல்ட் வரவில்லை. அல்லது ஒரு இன்ஜெக்டர் நல்ல நிலையில் இருந்தும் அதற்கு மட்டும் ஈசிஎம்மிலிருந்து பல்ஸ் வருவதில்லை. இப்போதுதான் ஈசிஎம் குற்றவாளி. இங்கிருந்து வழிகள் பிரிகின்றன.

உங்கள் போர்டையே பழுதுபார்க்கக் கொடுப்பது என் முதல் தேர்வு. பழைய போர்டுகள் பெரும்பாலும் இன்றைய போர்டுகளைப் போல நெருக்கமானவை அல்ல. நல்ல எலக்ட்ரானிக்ஸ் கைக்காரர் கண்ணாலேயே பல கோளாறுகளைப் பார்க்க முடியும். கசிந்த கெப்பாசிட்டர், அதன் கசிவு அரித்த செம்புக்கோடு, கப்ளர் பின்னுக்கு அடியில் வெடித்த சால்டர், இன்ஜெக்டரையோ காயிலையோ ஓட்டும் டிரான்சிஸ்டர் கருகியது, இவையெல்லாம் சரிசெய்யக் கூடியவை. புராசசரே போய்விட்டால், அல்லது போர்டு முழுவதும் ஜெல் ஊற்றி மூடியிருந்தால் கஷ்டம். இந்த வழியின் பெரிய நன்மை, உங்கள் வண்டியின் புரோகிராமும் சாவியின் இம்மொபிலைசர் (வேறு சாவியில் ஸ்டார்ட் ஆகவிடாத திருட்டுத் தடுப்பு) பதிவும் அப்படியே இருக்கும். கெட்டது என்னவென்றால் வண்டி ஒரு வாரமோ அதற்கு மேலோ நிற்கும், பழுதுபார்ப்பவரின் தரமும் ஊருக்கு ஊர் மாறும்.

அவரிடம் ஒரு கேள்வி கட்டாயம் கேளுங்கள்: எது போயிருந்தது? "ரிப்பேர் பண்ணிட்டேன்" என்பது பதில் அல்ல. இன்ஜெக்டர் டிரைவர் கருகியிருந்தது என்றால் அது ஏன் கருகியது என்பது வண்டியில் இருக்கிறது. அந்த இன்ஜெக்டரின் காயில் ஷார்ட் ஆகியிருக்கலாம். சாதாரண இன்ஜெக்டர்கள் 12 முதல் 16 ஓம் அளவில் காட்டும். இரண்டு மூன்று ஓம் காட்டினால் அதை மாற்றாமல் ஈசிஎம்மை மாட்டாதீர்கள். இக்னிஷன் காயிலுக்கும் இதே கதைதான். ரிப்பேர் ஆன போர்டு சாவியைப் போட்ட அன்றே மறுபடி கருகுவது இப்படித்தான்.

இரண்டாவது வழி, காயலான் கடை. சென்னையில் என்றால் புதுப்பேட்டை, கோவையில் உக்கடம். உங்கள் காரில் இம்மொபிலைசர் இல்லையென்றால் இது மிக நல்ல வழி, சில நேரம் ரிப்பேரைவிட வேகமானது. பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் எண்ணைக் கடைசி இலக்கம்வரை ஒப்பிட வேண்டும். ஒரே மாடலில் ஏசி உள்ளது, இல்லாதது, மாசு விதி மாறியதற்கு முன், பின் என்று வேறுவேறு ஈசிஎம் இருக்கும். கப்ளர் பொருந்துகிறது என்பதற்காக மாட்டினால் எஞ்சின் ஓடும், ஆனால் ஐட்லிங் தடுமாறும், ஏசி போட்டால் நின்றுவிடும்.

வாங்கும்போது மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். நான்கு ஸ்குரூதான். போர்டின் ஓரத்தில் வெள்ளையாகப் பொடி, பின்களில் பச்சை, பெட்டிக்குள் மெல்லிய சேற்றுப் படிவம் தெரிந்தால் அது வெள்ளத்தில் மூழ்கிய வண்டியுடையது. எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம். இயங்கும், ஆறு மாதம் இயங்கும், அப்புறம் அரிப்பு தன் வேலையைக் காட்டும். மாட்டிப் பார்த்துத் திருப்பிக் கொடுக்க ஒரு வார அவகாசம் தருகிறார்களா என்று பேசி, பில்லில் எழுதி வாங்குங்கள். உங்கள் பழைய ஈசிஎம்மைக் கடைக்காரரிடம் எக்ஸ்சேஞ்ச் என்று விட்டுவிடாதீர்கள், ரிப்பேருக்கு அதுதான் மூலதனம்.

இம்மொபிலைசர் உள்ள கார் என்றால் கதை மாறுகிறது. 2000களின் நடுவிலிருந்து பல கார்களில் அது வந்துவிட்டது. வேறு வண்டியின் ஈசிஎம்முக்கு உங்கள் சாவியைத் தெரியாது. ஸ்டார்ட் ஆகி உடனே நின்றுவிடும், அல்லது ஸ்டார்ட்டே ஆகாது. பழைய போர்டின் மெமரி சிப்பிலிருந்து தகவலைப் படித்துப் புதியதில் ஏற்றும் ஆள் தெரிந்தால் வாங்கலாம். அந்த ஆள்தான் போர்டையும் ரிப்பேர் செய்கிறவர் என்றால், அவரிடம் முதலிலேயே ரிப்பேரைக் கொடுத்திருக்கலாமே என்பதுதான் என் வாதம்.

புதிய ஈசிஎம் வாங்குவது கேட்க நிம்மதியாக இருக்கும். உற்பத்தி நின்ற மாடல்களுக்குக் கிடைப்பதே அரிது, கிடைத்தாலும் விலையை வண்டியின் சந்தை மதிப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். நான்கில் ஒரு பங்குக்கு மேல் போனால் நான் வாங்க மாட்டேன். புரோகிராம் செய்யத் தெரிந்து, நாமே டியூன் செய்யும் தனி ஈசிஎம்களும் இருக்கின்றன. அது பொழுதுபோக்காகச் செய்பவர்களுக்கு, தினம் வேலைக்குப் போகிற வண்டிக்கு அல்ல.

சிலர் கார்பரேட்டருக்கே மாற்றிவிடலாம் என்பார்கள். அதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்டதற்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. எஃப்சிக்குப் போகும் நாளில் மாட்டிக்கொள்வீர்கள். அதைவிட முக்கியம், ஒரு எர்த் போல்ட்டைத் தேய்க்கச் சோம்பல்பட்டு, நன்றாக ஓடக்கூடிய எஞ்சினின் மைலேஜையும் புகையையும் கெடுத்துக்கொள்வது நியாயமில்லை.

இப்போது வயரிங். கோளாறு அங்கே என்று தெரிந்துவிட்டது, ஒட்டுப் போடுவதா, முழு வயரிங் கிட்டையும் மாற்றுவதா? ஒரே இடத்தில் உரசல், எலி கடித்த ஒரு சாண், முறிந்த ஒரு கப்ளர், இவற்றுக்கு ஒட்டே போதும். ஆனால் ஒட்டு என்பது முறுக்கி டேப் சுற்றுவது அல்ல. சரியான கிரிம்பிங், அல்லது சால்டர் போட்டு அதன் இரு பக்கமும் அசையாதபடி கட்டுவது, மேலே ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ். ஐந்து வயர் ஒட்ட வேண்டியிருந்தால் ஐந்தையும் ஒரே இடத்தில் ஒட்டாமல் முன்னும் பின்னுமாக ஒட்ட வேண்டும், இல்லையென்றால் அந்த இடம் பாம்பு எலியை விழுங்கியதுபோல் வீங்கி, மறுபடி உரசும். கிராங்க் சென்சாருக்குப் போகும் வயர் பல வண்டிகளில் வலைபோட்ட ஷீல்டு வயர். அதற்குச் சாதா வயரைப் போட்டால் இக்னிஷனின் இரைச்சல் உள்ளே புகுந்து, வேகம் எடுக்கும்போது மிஸ்ஸிங் வரும். ஆக்சிஜன் சென்சாரின் சொந்த வயரைச் சால்டர் செய்யவே கூடாது. பல சென்சார்கள் அந்த வயரின் இழைகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளி வழியாகத்தான் வெளிக்காற்றை இழுத்து ஒப்பிட்டுக்கொள்கின்றன.

முழு கிட்டை மாற்ற வேண்டியது எப்போது? வயரின் தோலை நகத்தால் மடக்கினால் அப்பளம்போல் நொறுங்குகிறது, எந்த இடத்தில் தோலை உரித்தாலும் உள்ளே செம்பு கறுத்திருக்கிறது என்றால் ஒட்டுப்போடுவது வீண். அப்போது அதே மாடல், அதே வருடத்தைச் சேர்ந்த, மோதலில் பின்பக்கம் நசுங்கிக் காயலானுக்கு வந்த வண்டியின் எஞ்சின் வயரிங்கை முழுதாக எடுப்பது நல்லது. முன்பக்கம் அடிபட்டதை எடுக்காதீர்கள். எலக்ட்ரீஷியனே புது வயர் வாங்கிக் கட்டித் தருகிறேன் என்றால், அவர் பழையதைப் பலகையில் ஆணி அடித்து விரித்து, அதே நீளம், அதே நிறம், அதே தடிமன் வைத்துக் கட்டுபவரா என்று பாருங்கள். எல்லா வயரும் சிவப்பாக இருக்கும் கிட்டை அடுத்த முறை யாராலும் படிக்க முடியாது.

வெள்ளம் புகுந்த பழைய காருக்கு மட்டும் என் கணக்கு வேறு. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் உறவினர் ஒருவரின் கார் சீட் மட்டத்துக்குத் தண்ணீரில் நின்றது. ஈசிஎம் டேஷ்போர்டுக்கு அடியில் இருந்தது. ஈசிஎம்மை மாற்றினார்கள், ஓடியது. மூன்று மாதத்தில் பவர் விண்டோ, ஐந்தாவது மாதத்தில் மீட்டர், அப்புறம் மறுபடி ஸ்டார்ட்டிங். தண்ணீர் வயருக்குள் இழை இழையாக ஏறி, கப்ளருக்கு ஒரு முழம் தள்ளிக்கூட அரித்திருந்தது. கடைசியில் விற்றார், போட்ட காசில் பாதிகூட வரவில்லை. ஈசிஎம், வயரிங் இரண்டுமே தண்ணீர் பார்த்த, பதினைந்து வயதை நெருங்கும் வண்டி என்றால் பழுதுபார்ப்பதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஆர்சி புதுப்பிப்பும் சேர்கிறது. 15 வருடம் தாண்டிய காருக்கு 2022 ஏப்ரலில் மத்திய அரசு கட்டணத்தை 600 ரூபாயிலிருந்து 5,000க்கு உயர்த்தியது.

உலர்ந்த வண்டி என்றால் நம்பிக்கையோடு இறங்கலாம். எலக்ட்ரீஷியனிடம் விடும்போது "ஈசிஎம் பாருங்க" என்று சொல்லாதீர்கள். எப்போது நிற்கிறது, சூட்டிலா குலுங்கும்போதா மழையிலா, நின்றபோது செக் லைட் எரிந்ததா, சாவியைப் போட்டதும் பம்ப் இரண்டு நொடி ஓடிய சத்தம் கேட்டதா, கடைசியாக வண்டியில் யார் எதை மாட்டினார்கள், இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதிச் சீட்டின்மேல் வைத்துவிட்டு வாருங்கள். எங்கள் ஜென்னில் கேஸ் கிட் இருந்ததை நான் முதல் நாளே சொல்லியிருந்தால், அந்த அண்ணன் நேராக பேட்டரித் தட்டில் இருந்துதான் தொடங்கியிருப்பாராம்.